கடல் தாண்டி வரும் ரிம்

போர்ட் பிளேரில் பழைய அம்பாசிடர் வைத்திருப்பவருக்குப் பழகிப்போன காலைக் காட்சி ஒன்று உண்டு. ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி, விடிந்து பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். டயரில் ஆணி இருக்காது, கண்ணாடிச் சில்லும் இருக்காது. பஞ்சர் கடையில் டயரைக் கழற்றி ட்யூபை உருவினால், ரிம்மின் உட்புறத்திலிருந்து துரு அப்பளம் நொறுங்குவதுபோல் உதிரும். வால்வு வெளியே வருகிற துளையின் ஓரம் ரம்பப் பல்லாகியிருக்கும். ட்யூபைக் கிழித்தது அதுதான்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட இந்த ஊரில், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை இல்லாத நாளில் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து பூசுகிறது. உத்தரப்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த இரும்பு ரிம் எவ்வளவு கனமானதாக இருந்தாலும் முப்பது நாற்பது வருடம் இதைத் தாங்குவது கஷ்டம். எனவே ஒரு நாள் ரிம்மை மாற்றித்தான் ஆகவேண்டும். மாற்றுவதோடு மாற்றுவதாக, நைலான் டயரை விட்டு ரேடியலுக்குப் போகலாமா, அலாய் வீல் போடலாமா என்ற ஆசையும் எழும்.

சென்னையில் இந்த ஆசை வந்தால் புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போய் நாலு ரிம்மைத் தூக்கிப் பார்க்கலாம். பொருந்தவில்லையென்றால் மறுநாளே கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். அந்தமானில் அது நடக்காது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே 1,190 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. பயணிகள் கப்பலே மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். சரக்குக்கு அதன் கிழமையும் நேரமும் தனி. தவறான ரிம் வந்து இறங்கினால் அதைத் திருப்பி அனுப்பும் செலவில் இன்னொரு ரிம்மே வாங்கிவிடலாம். அதனால் தீவில் இந்த வேலை, வாங்குவதில் தொடங்குவதில்லை, அளப்பதில் தொடங்குகிறது. ஒரு ஸ்கேல், ஒரு நூல், ஒரு நேரான குச்சி, ஒரு மணி நேரம் போதும்.

முதலில் டயர் மீதுள்ள எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை மூலமாகக் கொண்டு 1957இல் வரத் தொடங்கி, 2014 மே மாதம் உற்பத்தி நின்ற அம்பாசிடருக்குப் பல காலம் பழகிய டயர் 5.90-15. அதாவது டயரின் அகலம் 5.90 அங்குலம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். பக்கச் சுவரின் உயரத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பழைய நைலான் டயர்களில் அது அகலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இருக்கும். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் 65 சென்டிமீட்டரை ஒட்டி வருகிறது.

இப்போது கடையில் தொங்கும் ரேடியலில் 185/65 R15 என்று போட்டிருக்கும். அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவர் அதில் 65 விழுக்காடு, அதாவது 120 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 240, ரிம் 381. மொத்தம் 62 சென்டிமீட்டர். பழைய டயரைவிட மூன்று சென்டிமீட்டர் குட்டை. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் வண்டி தரையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஓடுவது 57 சொச்சம்தான். கிலோமீட்டர் கணக்கும் அதே வீதத்தில் பொய் சொல்லும். எஞ்சினும் அதே வேகத்துக்குக் கூடுதலாகச் சுற்ற வேண்டும்.

உயரத்தைச் சரிக்கட்ட 205/65 R15 எடுத்தால் என்ன என்று தோன்றும். உயரம் 64.7 சென்டிமீட்டர், கச்சிதம். ஆனால் அகலம் 15 சென்டிமீட்டரிலிருந்து இருபதரைக்கு ஏறிவிட்டது. அதை உட்கார வைக்க அகலமான ரிம் வேண்டும். அம்பாசிடரின் குறுகலான மூல ரிம்மில் திணித்தால் டயர் பலூன்போல் நடுவில் பிதுங்கி, ஓரம் சாலையில் பதியாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை அபர்தீன் பஜார் சந்தில் திருப்பும்போது தோள்பட்டை கணக்குச் சொல்லும். தோளாவது ஆறிவிடும், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் ஆறாது. 165/80 R15 போன்ற மெலிந்த, உயரமான ரேடியல்தான் இந்த வண்டிக்குப் பொருத்தம். 64.5 சென்டிமீட்டர் உயரம். மூல டயருக்குப் பக்கத்துச் சொந்தம்போல. கிடைக்கத் தாமதமானாலும் காத்திருந்து வாங்கத் தகுந்தது.

நைலான் டயர், ரேடியல் என்ற வேற்றுமையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். முன்னதில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, கயிற்றுக் கட்டில் பின்னல்போல ஓடும். பின்னதில் அவை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடி, மேலே பட்டை போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பிரான்ஸின் மிஷெலின் 1946இல் காப்புரிமை வாங்கிய முறை இது. இந்தியாவில் முதலில் ரேடியல் செய்தது ஜே.கே. டயர், 1977இல். வளைவில் இரண்டும் சாலையைப் பிடிக்கும் விதம் வேறு. ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலானும் மறுபக்கம் ரேடியலும் எந்தக் காரணம் கொண்டும் போடக் கூடாது. கையில் இரண்டு ரேடியல்தான் இருக்கிறது, மற்ற இரண்டு அடுத்த கப்பலில் என்ற நிலை வந்தால், ரேடியல் பின்னால்தான் போக வேண்டும். புது டயரை முன்னால் போட்டுப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அப்படிச் செய்தால் மழைச் சாலை வளைவில் பின்பக்கம் முதலில் வழுக்கும்.

அடுத்தது பி.சி.டி. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால், அதன் விட்டம் இது. நாலு ஸ்டட் வண்டியில் எதிரெதிர் ஸ்டட்டுகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் முடிந்தது. ஐந்து ஸ்டட்டில் எதிரே ஸ்டட் இருக்காது. அதனால் பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டுகளின் மைய தூரத்தை அளந்து 1.701ஆல் பெருக்க வேண்டும். வில்லிஸ் ஜீப்பில் அது 82.1 மில்லிமீட்டர் இருக்கும், பெருக்கினால் 139.7, அதாவது ஐந்தரை அங்குலம். மாருதி ஜிப்ஸியின் அளவும் அதுவே. 6.00-16 டயரோடு வந்த பழைய ஜீப்புகள் பல, இன்று ஜிப்ஸி அளவு 15 அங்குல ரிம்மில் 215/75 அல்லது 235/75 டயரோடு ஓடுவது இந்தப் பொருத்தத்தால்தான். உயரக் கணக்கும் ஒத்துவருகிறது. மூலம் 71 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். 215/75 R15 எழுபது, 235/75 R15 எழுபத்து மூன்று.

பொருந்துவதுபோல் தெரிந்து பொருந்தாமல் போவதுதான் ஆபத்து. இதற்கு இன்னொரு தீவைப் பார்க்கலாம். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் பழைய வண்டிகளைப் பேணிக் காக்கக் கற்றுக்கொண்ட நாடு இலங்கை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மோரிஸ் மைனரும் ஆஸ்டின் ஏ40யும் மண்ணெண்ணெயில் ஓடின. இங்கிலாந்துக்கே மோரிஸ் மைனர் உதிரிப் பாகங்களைச் செய்து அனுப்பும் அளவுக்கு அந்தத் தீவில் கைத்திறன் வளர்ந்தது. அந்த மைனரின் பி.சி.டி. நாலு அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர். ஜப்பானியச் சிறு கார்களில் பரவலாக இருப்பது 100. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று 100 ரிம்மை மைனரில் மாட்டினால் மாட்டும். நட்டும் இறுகும். ஆனால் கூம்பு நட்டு துளையின் மையத்தில் உட்காராமல் ஓரத்தில் சாய்ந்து உட்காரும். ஸ்டட் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் அதற்கும் ஆகும். துளையை ராவி முட்டை வடிவமாக்கித் தருகிறேன் என்று லேத் பட்டறையில் யாராவது சொன்னால், ரிம்மைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவதே உத்தமம்.

மூன்றாவது அளவு ஆஃப்செட். வண்டியிலிருந்து கழற்றிய பழைய ரிம்மை முகம் தரையில் படும்படி கவிழ்த்து, பின் விளிம்பின் மேல் நேரான குச்சியை வைக்க வேண்டும். குச்சியிலிருந்து, ஹப்பில் உட்காரும் தட்டையான முகம் வரை உள்ள ஆழத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். புது ரிம்மில் இந்த ஆழம் கூடினால் டயர் உள்ளே போய் ஸ்பிரிங்கையோ ஸ்டீயரிங் கம்பியையோ உரசும். குறைந்தால் டயர் வெளியே தள்ளி மட்கார்டைத் தொடும். பேரிங் மேல் பாரம் கூடும். ஆழம் கூடியதை ஈடுகட்ட ஸ்பேசர் தகடு விற்கிறார்கள். மூல ஸ்டட்டின் நீளத்தைத் தின்றுவிடும் தகடு அது. வேண்டவே வேண்டாம்.

நட்டுக்கு வருவோம். இந்த வேலையில் உயிர் ஊசலாடும் இடம் இதுதான். பலர் கவனிக்காமல் தாண்டுவதும் இதைத்தான். வில்லிஸ் வழி ஜீப்பின் ஸ்டட் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஜிப்ஸியின் ஸ்டட் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.25. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அதன் மரை இடைவெளி 1.27. ஜீப் நட்டை ஜிப்ஸி ஸ்டட்டில் போட்டால் சுலபமாக ஏறும். சற்றே லொடலொடக்கும், பிறகு இறுகுவதுபோலவும் காட்டும். உண்மையில் மரையின் நுனி மட்டும்தான் ஒன்றையொன்று பிடித்திருக்கும். பாரம் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே பட்டறையில் கிடக்கும் நட்டைப் பொறுக்கிப் போடும் பழக்கம் சக்கரத்துக்கு மட்டும் ஆகாது. நட்டின் உட்காரும் முகமும் முக்கியம். கூம்பு ரிம்முக்குக் கூம்பு நட்டு, உருண்டை இருக்கைக்கு உருண்டை நட்டு. அலாய் வீலின் உடல் தடிமன் என்பதால் பழைய நட்டு போதிய மரையைப் பிடிக்காமல் போகலாம். ஸ்டட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது நட்டு ஏற வேண்டும்.

இன்னொன்று. பழைய வில்லிஸ் ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர ஸ்டட்டுகள் இடது மரை. ஸ்டட் நுனியில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும், துருவைத் தேய்த்தால் தெரியும். அது தெரியாமல் வழக்கமான திசையில் குழாய் மாட்டி ஏறி நின்று திருகினால், கழல்வதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஸ்டட் முறிந்து கையோடு வரும்.

இனி வேலை நாள். முந்தின ராத்திரியே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விட வேண்டும். சிமெண்டுத் தரை, சமதளம். ஹேண்ட் பிரேக், கியர், எதிர் மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. கட்டைக்கு இந்தத் தீவில் குறையில்லை; 1883இல் தொடங்கிய சாத்தம் மர ஆலை அறுத்துத் தள்ளிய படாக் மரத்தின் துண்டு ஒன்று பழைய வீடுகளில் எங்காவது கிடக்கும், இரும்புக்குச் சமம். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி போட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தூக்கியபின் வண்டி நிற்க ஸ்டாண்டு தனியாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையைக்கூட நீட்டக் கூடாது.

சக்கரம் கழன்றதும் ஹப்பின் முகத்தையும் டிரம்மின் முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஒரு துருச் செதில் இடையில் மாட்டினாலும் ரிம் கோணலாக உட்காரும். தேய்த்த முகத்தில் விரல் நுனியால் மெல்லிய கிரீஸ் பூச்சு. அலாய் வீல் போடுகிறவருக்கு இது கட்டாயம்: அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டி நின்றால் பேட்டரி செல்லின் இரண்டு தகடுகள்போல் வேலை செய்து அலுமினியம் அரிக்கும். ஒன்றிரண்டு மழைக்காலம் போனால் சக்கரம் ஹப்போடு பிடித்துக்கொண்டு சம்மட்டிக்கும் அசையாது. ஆனால் மரையிலும் கூம்பிலும் கிரீஸ் படக் கூடாது. பட்டால் நட்டு அளவுக்கு மீறி இறுகும், ஸ்டட் இழுபடும்.

நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டு, பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் நிறுத்தி ரிம் விளிம்புக்கும் நுனிக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கலாம். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் ரிம் கோணல், அல்லது சரியாக உட்காரவில்லை. அடுத்த சோதனைக்குச் சமையலறையிலிருந்து ஒரு உருண்டை சப்பாத்தி மாவு போதும். டயரும் மட்கார்டும் நெருங்கும் இடங்களில் மாவை அப்பி, வண்டியை இறக்கி, நாலு பேரை உள்ளே உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்ப வேண்டும். மாவு எவ்வளவு நசுங்கியதோ அதைப் பார்த்தால் மிச்சமிருக்கும் இடைவெளி தெரியும். விரல் தடிமன் இல்லையென்றால் அந்த டயர் அந்த வண்டிக்கு ஆகாது.

கடைசி இறுக்கு வண்டி தரையில் நிற்கும்போது. ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் 30 கிலோ அழுத்தம் கொடுத்தால் கிடைப்பது 9 கிலோகிராம் மீட்டர். ஜீப்பின் அரை அங்குல ஸ்டட் எதிர்பார்ப்பது அந்த வாக்கில்தான். மெலிந்த ஸ்டட் உள்ள மைனருக்கு அது மிக அதிகம். ஆகவே அந்தந்த வண்டியின் கையேடுதான் அளவுகோல்.

டயரை ரிம்மிலிருந்து பிரித்துப் போடும் வேலையை மட்டும் பஞ்சர் கடைக்கு விட்டுவிடுவது நல்லது. கடப்பாரையால் நெம்பினால் ட்யூப் கடிபடும், பூசிய பெயிண்டும் போகும். பழைய ரிம்மில் ட்யூப்லெஸ் டயர் போட்டாலும் உள்ளே ட்யூப் வேண்டும். டயர் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் மேடு அந்தக் கால ரிம்களில் கிடையாது.

வாங்கும்போது டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மெதுவாக விற்கும் பழைய அளவு டயர்கள் கப்பலில் வந்து கடையில் வருடக் கணக்கில் தூங்குவதுண்டு. பட்டன் தேயாமல் பளபளக்கும். ரப்பர் உள்ளுக்குள் வறண்டிருக்கும். ரப்பரின் அருமை இந்தத் தீவுகளுக்குத் தெரியாததல்ல. நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டம் வைத்து, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களை 1970களில் அங்கே குடியமர்த்தினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பேரிழப்பைச் சந்தித்த தீவு அது. பால் வடித்த அந்தக் கைகளுக்குத் தெரியும், ரப்பர் வெயிலையும் காலத்தையும் தாங்காது என்று.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 50 ஆண்டு கடந்த வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டி மூல வடிவத்தில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனவே கழற்றிய பழைய ரிம்களைக் காயலான் கடைக்குப் போடக் கூடாது. துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, ஐந்தையும் உலர்ந்த இடத்தில் தொங்கவிட்டால் அடுத்த தலைமுறை நன்றி சொல்லும்.

ஐந்து என்றது ஸ்டெப்னியையும் சேர்த்து. நாலை மாற்றிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவது பொதுவாக நடக்கிற தவறு. அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங்கைத் தாண்டினால் ஜாரவா மக்களின் காப்புப் பகுதி. வண்டிகள் கான்வாயாக, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாமல், எங்கும் நிற்காமல் போக வேண்டும். அங்கே டயர் போய், உயரம் ஒத்துவராத ஸ்டெப்னியோடு காட்டின் நடுவே நிற்பது, தனக்கும் பின்னால் வரிசையில் வருபவர்களுக்கும், யாருடைய நிம்மதிக்காக அந்த விதி போடப்பட்டதோ அந்த மக்களுக்கும் தொந்தரவு.

ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிப் புதுச் சக்கரத்தை உருட்டுகிறவர்கள், அன்றைக்கே சிடியாடாப்பு வரை ஒரு ஓட்டம் போய் வரலாம். போக 25, வர 25 கிலோமீட்டர். வீடு வந்து சக்கரம் ஆறியதும் ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். புது ரிம்மில் முதல் 50 கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒரு நட்டு கொஞ்சமாவது இடம் கொடுத்திருக்கும்.